இருக்கையில் அமரும் முன்: புதிய நீதிபதிக்கு எது தகுதி?

கைது செய்யப்பட்ட எவரையும் 24 மணி நேரத்துக்குள் அருகிலுள்ள குற்றவியல் நடுவர் முன் நிறுத்த வேண்டும் என்பது, இந்திய அரசமைப்பின் 22ஆவது கூறு தந்திருக்கும் உறுதி. அந்த நடுவர் பெரும்பாலும் ஏதோ ஒரு தாலுகா தலைமையிடத்தில், நீதித்துறை ஏணியின் முதல் படியில் இருப்பவர். முப்பது வயதைத் தொடாதவராகவும் இருக்கலாம். அவருடைய ஒரு கையெழுத்தில் ஒரு மனிதர் சிறைக்குப் போகிறார்.

முதல் வகுப்பு நீதித்துறை நடுவர் மூன்று ஆண்டு வரை சிறைத் தண்டனையும் 50,000 ரூபாய் வரை அபராதமும் விதிக்கலாம் என்கிறது, 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவின் 23ஆவது பிரிவு. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் அபராத வரம்பு 10,000 ரூபாயாக இருந்தது. அதே படிநிலையில் இருப்பவர் உரிமையியல் வழக்குகளைப் பார்த்தால், வரப்புத் தகராறு, பாகப்பிரிவினை, பிராமிசரி நோட்டுக் கடன், பாதை அடைப்பு என்று ஒரு குடும்பம் தலைமுறையாகச் சுமந்துவரும் சிக்கல்கள் அவர் மேசைக்கு வருகின்றன. அவர் தரும் இடைக்காலத் தடையாணை ஒரு வீட்டைக் கட்டவும் விடாது, இடிக்கவும் விடாது. இந்த அதிகாரங்கள் படிப்படியாக வருவதில்லை. பொறுப்பேற்ற முதல் நாள் காலையிலேயே முழுமையாகக் கைக்கு வந்துவிடுகின்றன.

இந்த முதல் படி எவ்வளவு முக்கியமானது என்பதைத் தமிழ்நாடு 2020 ஜூனில் கண்டது. சாத்தான்குளத்தில் ஜெயராஜும் அவர் மகன் பென்னிக்ஸும் கைது செய்யப்பட்டு, நீதிமன்றக் காவலுக்கு உத்தரவிடப்பட்டு, கோவில்பட்டி கிளைச் சிறையில் அடைக்கப்பட்டார்கள். சில நாட்களுக்குள் இருவரும் இறந்தார்கள். அவர்களின் உடல்நிலையைச் சரியாகப் பார்க்காமலேயே காவல் உத்தரவு பிறப்பிக்கப்பட்டதாகக் கடும் விமர்சனம் எழுந்தது. அதே நிகழ்வில், காவல் நிலையத்துக்குள் நேரில் சென்று விசாரித்து, அங்கே தனக்கு ஒத்துழைப்பு மறுக்கப்பட்டதை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்கு எழுத்து மூலம் தெரிவித்தவரும் ஒரு நீதித்துறை நடுவர்தான். உயர் நீதிமன்றம் அதன் பிறகு எடுத்த நடவடிக்கைகளுக்கு அந்த அறிக்கை வலுவான அடிப்படையாக இருந்தது. நடுவர் பதவி என்ன செய்யக்கூடியது, எங்கே தவறக்கூடியது என்பதற்கு இந்த ஒரு வழக்கே போதும்.

அப்படியானால், அந்த இருக்கையில் அமரும் முன் ஒருவரிடம் நாம் எதைக் கேட்க வேண்டும்? பட்டமா, தேர்வு மதிப்பெண்ணா, வழக்கறிஞர் அனுபவமா, பயிற்சியா? இந்தியாவில் இந்த விவாதம் 1950களிலிருந்து நடந்துவருகிறது. 2025 மே 20 அன்று உச்ச நீதிமன்றம் ‘மூன்று ஆண்டு வழக்கறிஞர் அனுபவம் கட்டாயம்’ என்று தீர்ப்பளித்ததோடு அது முடிந்துவிட்டதாகப் பலர் கருதுகிறார்கள். அனுபவம் வேண்டும் என்பது சரிதான். ஆனால் அந்த அனுபவத்தைப் பெறுவதற்கான செலவை யார் ஏற்பது, அது உண்மையான அனுபவம்தானா என்று யார் சரிபார்ப்பது என்ற இரண்டு கேள்விகளுக்கும் விடை காணாதவரை, அந்த நிபந்தனை திறமையை அளப்பதை விடக் குடும்பத்தின் பணவசதியையே அளக்கும். இதுவே இக்கட்டுரையின் வாதம்.

அரசமைப்பு கேட்பது என்ன?

நீதிபதிகளுக்கான தகுதிகளை அரசமைப்பு மூன்று அடுக்குகளில் வைத்திருக்கிறது. உச்ச நீதிமன்ற நீதிபதியாக ஒருவர் ஐந்து ஆண்டு உயர் நீதிமன்ற நீதிபதியாகவோ, பத்து ஆண்டு உயர் நீதிமன்ற வழக்கறிஞராகவோ இருந்திருக்க வேண்டும். அல்லது குடியரசுத் தலைவரின் கருத்தில் சிறந்த சட்ட அறிஞராக இருக்க வேண்டும் என்கிறது 124ஆவது கூறு. உயர் நீதிமன்ற நீதிபதிக்குப் பத்து ஆண்டு நீதித்துறைப் பதவியோ பத்து ஆண்டு வழக்கறிஞர் பணியோ தேவை என்கிறது 217ஆவது கூறு. மாவட்ட நீதிபதியாக நேரடியாக நியமிக்கப்படும் வழக்கறிஞருக்கு ஏழு ஆண்டு அனுபவமும் உயர் நீதிமன்றத்தின் பரிந்துரையும் வேண்டும் என்கிறது 233ஆவது கூறு.

கடைசிப் படியில் உள்ள உரிமையியல் நீதிபதிக்கு மட்டும் அரசமைப்பு எந்த ஆண்டுக் கணக்கையும் சொல்லவில்லை. மாநிலத் தேர்வாணையத்தையும் உயர் நீதிமன்றத்தையும் கலந்து ஆளுநர் விதிகளை வகுக்கலாம் என்று 234ஆவது கூறு விட்டுவிடுகிறது. அந்த வெற்றிடத்தில்தான் அரை நூற்றாண்டுக்கும் மேலான இழுபறி நடந்திருக்கிறது. பதவிப் பிரமாணத்திலும் இதே இடைவெளி உண்டு. அச்சமோ தயவோ, விருப்போ வெறுப்போ இன்றிக் கடமையாற்றுவேன் என்ற உறுதிமொழியை மூன்றாம் அட்டவணை நீதித்துறையில் உச்ச நீதிமன்ற, உயர் நீதிமன்ற நீதிபதிகளுக்கு மட்டுமே வகுத்திருக்கிறது. சாமானிய மக்கள் வாழ்நாளில் நேரில் பார்க்கக்கூடிய ஒரே நீதிபதிக்கு அந்த அட்டவணையில் இடமில்லை.

தகுதி நிபந்தனைகள் வெறும் சடங்கல்ல என்பதை 1992இல் உச்ச நீதிமன்றம் காட்டியது. கே.என். ஸ்ரீவஸ்தவா என்பவர் குவாஹாட்டி உயர் நீதிமன்ற நீதிபதியாக நியமிக்கப்பட்டார். குடியரசுத் தலைவரின் நியமன ஆணையும் வந்துவிட்டது. பதவிப் பிரமாணம் மட்டுமே மீதி. அவர் மிசோரம் அரசின் சட்டத் துறையில் அதிகாரியாக இருந்தவர். 217ஆவது கூறு சொல்லும் நீதித்துறைப் பதவியை வகித்தவரல்லர் என்று வழக்குத் தொடரப்பட்டது. குமார் பத்ம பிரசாத் வழக்கு என்று அறியப்படும் அதில், நியமனத்தையே ரத்துசெய்து, அவருக்குப் பிரமாணம் செய்துவைக்கக் கூடாது என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சுதந்திர இந்தியாவில் அப்படி நடந்தது அதுவே முதல் முறை.

ஆனால் நீதிமன்றம் பரிசீலிப்பது தகுதியை மட்டுமே. ஒருவர் அந்தப் பதவிக்குப் பொருத்தமானவர்தானா என்ற கேள்விக்குள் அது நுழைவதில்லை. 2023 பிப்ரவரி 7 அன்று, மெட்ராஸ் உயர் நீதிமன்றக் கூடுதல் நீதிபதி ஒருவர் பதவியேற்பதை எதிர்த்த மனுவைத் தள்ளுபடி செய்தபோது உச்ச நீதிமன்றம் இந்த வேறுபாட்டையே முன்வைத்தது. பதவியேற்ற பின் பொருத்தத்தைக் கேள்வி கேட்க வழி மிகக் குறைவு. ஆகவே பதவியேற்கும் முன் நாம் வைக்கும் நிபந்தனைகள் கூடுதல் கனம் பெறுகின்றன.

மூன்று ஆண்டு நிபந்தனை வந்ததும் போனதும்

எம்.சி. செதல்வாட் தலைமையிலான சட்ட ஆணையம் 1958இல் தன் 14ஆவது அறிக்கையில், கீழமை நீதித்துறைக்கு வருபவருக்கு மூன்று முதல் ஐந்து ஆண்டு வழக்கறிஞர் அனுபவம் வேண்டும் என்று பரிந்துரைத்தது. அகில இந்திய நீதிபதிகள் சங்கம் தொடர்ந்த வழக்கில் 1993 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றம் மூன்று ஆண்டு அனுபவத்தைக் கட்டாயமாக்கியது. கல்லூரியிலிருந்து நேராக வருபவர்களை நியமித்த முயற்சி வெற்றி பெறவில்லை. மக்களின் உயிர், உடைமை, சுதந்திரம், நற்பெயர் ஆகியவற்றில் முதல் நாளிலிருந்தே முடிவெடுக்கும் பணியில் அனுபவமற்றவர்களை அமர்த்துவது விவேகமல்ல என்பது அதன் நியாயம். புத்தக அறிவோ முன்பயிற்சியோ நீதிமன்றத்தை நேரில் பார்த்துப் பெறும் அனுபவத்துக்கு ஈடாகாது என்றும் அது சொன்னது.

1996இல் நீதியரசர் கே. ஜெகன்னாத ஷெட்டி தலைமையில் அமைக்கப்பட்ட தேசிய நீதித்துறை ஊதிய ஆணையம் 1999 நவம்பரில் அறிக்கை தந்தது. ஐந்தாண்டுச் சட்டப் படிப்பு வேரூன்றிவிட்ட காலம் அது. நல்ல மாணவர்கள் மூன்று ஆண்டு தொழில் செய்து வருமானம் பார்க்கத் தொடங்கிவிட்டால் கீழமை நீதிபதிப் பதவி அவர்களை ஈர்ப்பதில்லை என்று ஆணையம் வாதிட்டது. உச்ச நீதிமன்றம் 2002 மார்ச் 21 அன்று அதை ஏற்று நிபந்தனையை நீக்கியது. ஆனால் அந்தச் சலுகையோடு ஒரு கடமையையும் சேர்த்தே தந்தது: புதியவர்களுக்குக் குறைந்தது ஓராண்டு, முடிந்தால் இரண்டு ஆண்டு பயிற்சி தரப்பட வேண்டும்.

அடுத்த 23 ஆண்டுகளில் அந்தச் சலுகை பரவிய அளவுக்குக் கடமை பரவவில்லை. பயிற்சியின் நீளமும் தரமும் மாநிலத்துக்கு மாநிலம் மாறின. இந்தப் பின்னணியில்தான் 2025 மே 20 தீர்ப்பு வந்தது. அப்போதைய தலைமை நீதிபதி பி.ஆர். கவாய், நீதிபதிகள் ஏ.ஜி. மசிஹ், கே. வினோத் சந்திரன் ஆகியோர் அடங்கிய அமர்வு, உயர் நீதிமன்றங்கள் தாக்கல் செய்த பிரமாணப் பத்திரங்களைப் பரிசீலித்தது. அவற்றில் பெரும்பாலானவை பழைய நிபந்தனை திரும்ப வேண்டும் என்றே கூறியிருந்தன. புதிய பட்டதாரிகளின் நடத்தையிலும் மனப்பக்குவத்திலும் சிக்கல்கள் இருப்பதாகவும் அவை குறிப்பிட்டிருந்தன. மூன்று ஆண்டு அனுபவம் மீண்டும் கட்டாயமானது. அது வழக்கறிஞராகத் தற்காலிகப் பதிவு செய்த நாளிலிருந்து கணக்கிடப்படும். நீதிபதிகளிடம் சட்ட உதவியாளராகப் பணிபுரிந்த காலமும் சேரும். தேர்வானவர் நீதிமன்றத்தில் அமரும் முன் ஓராண்டுப் பயிற்சி பெறவும் வேண்டும். ஏற்கெனவே தொடங்கிவிட்ட தேர்வுகளுக்கு இது பொருந்தாது.

அதே ஆண்டு அக்டோபர் 9 அன்று ஐந்து நீதிபதிகள் அமர்வு, மாவட்ட நீதிபதி நேரடி நியமனத்தில் இன்னொரு கதவைத் திறந்தது. வழக்கறிஞர் பணியும் நீதித்துறைப் பணியும் சேர்ந்து ஏழு ஆண்டு இருந்தால், பணியிலுள்ள நீதித்துறை அலுவலரும் அந்தத் தேர்வுக்கு விண்ணப்பிக்கலாம் என்றது. குறைந்தபட்ச வயது 35 என்றும் வரையறுத்தது. இரு தீர்ப்புகளையும் சேர்த்துப் படித்தால் உச்ச நீதிமன்றத்தின் திசை தெளிவாகிறது. நீதிபதியின் தகுதியில் அனுபவத்தின் எடையை அது கூட்டிவருகிறது.

அனுபவம் எதைக் கற்றுத் தருகிறது?

அனுபவ நிபந்தனையை ஆதரிப்பதற்கு வலுவான காரணங்கள் உண்டு. சட்டப் புத்தகத்தில் இல்லாத பாடங்கள் நீதிமன்ற வளாகத்தில் கிடக்கின்றன. சாட்சி ஏன் தடுமாறுகிறார், பொய் சொல்வதாலா அல்லது கூண்டில் நிற்கும் பயத்தாலா என்பதைப் பிரித்தறியப் பல குறுக்கு விசாரணைகளைப் பார்த்திருக்க வேண்டும். வாய்தா கேட்கும் வழக்கறிஞருக்கு உண்மையான காரணம் இருக்கிறதா, வழக்கை இழுக்கிறாரா என்பது ஒரு காலத்தில் தானும் வாய்தா கேட்டு நின்றவருக்கு எளிதில் விளங்கும். பட்டா, சிட்டா, அடங்கல், புலப்படம் ஆகியவற்றைக் கட்சிக்காரருக்காகத் தாலுகா அலுவலகத்தில் அலைந்து வாங்கியவருக்கு நில வழக்கின் ஆவணங்கள் வேறு வகையில் பேசும். கூலி வேலையை விட்டுவிட்டு நீதிமன்றத்துக்கு வரும் ஒருவருக்கு ஒரு நாள் என்பது எவ்வளவு பெரிய இழப்பு என்று தெரிந்த நீதிபதி, காரணமின்றி வழக்கைத் தள்ளிவைக்க யோசிப்பார்.

எதிர்த்தரப்பின் காரணங்களும் இலேசானவை அல்ல. ஐந்தாண்டுச் சட்டப் படிப்பை 23 வயதில் முடிக்கும் ஒருவர், மூன்று ஆண்டு தொழில் செய்து, தேர்வு அறிவிப்புக்குக் காத்திருந்து, மூன்று கட்டத் தேர்வை எழுதி, ஓராண்டுப் பயிற்சியை முடிக்கும்போது குறைந்தது 28 வயதை எட்டியிருப்பார். பயிற்சி தொடங்கும்வரை நிலையான வருமானம் இல்லாமல் தாங்கிக்கொள்ள எல்லாக் குடும்பங்களாலும் முடியாது. பெண்களுக்கு இந்த இடைவெளி இன்னும் கடினம். உச்ச நீதிமன்றத்தின் ஆய்வு மையம் 2023இல் வெளியிட்ட அறிக்கையின்படி மாவட்ட நீதித்துறையில் பெண்கள் சுமார் 36 சதவீதம். உயர் நீதிமன்றங்களில் அவர்களின் பங்கைவிட இது இரு மடங்குக்கும் அதிகம். வெளிப்படையான போட்டித் தேர்வே இதற்கு முக்கியக் காரணம். திருமண நிர்ப்பந்தமும் குடும்பப் பொறுப்பும் சூழும் வயதில், ஊதியமில்லாத மூன்று ஆண்டுகளை இடையில் வைத்தால் அந்த முன்னேற்றம் தேங்கக்கூடும்.

தமிழ்நாட்டில் 2023ஆம் ஆண்டு 245 உரிமையியல் நீதிபதிப் பணியிடங்களுக்குத் தேர்வு நடந்தது. அதன் முடிவுகள் வந்தபோது, மலைப்பகுதியைச் சேர்ந்த 23 வயதுப் பழங்குடிப் பெண் ஒருவர் தேர்வானதை மாநிலமே கொண்டாடியது. மகப்பேறு முடிந்த சில நாட்களில் அவர் தேர்வு எழுதச் சென்னைக்கு வந்திருந்தார். மூன்று ஆண்டு நிபந்தனை அப்போது இருந்திருந்தால் அந்தத் தேர்வு அறைக்குள் அவர் நுழைந்திருக்க இயலாது. அவரைப் போன்றவர்கள் நீதித்துறைக்கு வேண்டும் என்று விரும்புகிறவர்கள், அவர்கள் அந்த மூன்று ஆண்டுகளை எப்படிக் கடப்பார்கள் என்பதற்கும் வழி சொல்ல வேண்டும்.

மற்ற நாடுகளில் செலவை ஏற்பவர் யார்?

பிரான்ஸில் போட்டித் தேர்வில் வென்றவர்கள் போர்டோ நகரில் உள்ள தேசிய நீதித்துறைப் பள்ளியில் சேர்கிறார்கள். 1958இல் தொடங்கிய அந்த நிறுவனத்தில் பயிற்சி 31 மாதம் நீள்கிறது. வகுப்பறையோடு நீதிமன்றம், வழக்கறிஞர் அலுவலகம், சிறை போன்ற இடங்களிலும் அவர்கள் பயில்கிறார்கள். அந்தக் காலம் முழுவதும் அரசு ஊதியம் உண்டு.

ஜெர்மனியில் முதல் அரசுத் தேர்வுக்கும் இரண்டாம் அரசுத் தேர்வுக்கும் இடையில் இரண்டு ஆண்டுச் செயல்முறைப் பயிற்சி இருக்கிறது. உரிமையியல் நீதிமன்றம், அரசு வழக்குத் தொடுப்பு அலுவலகம், நிர்வாகத் துறை, வழக்கறிஞர் அலுவலகம் என்று ஒவ்வொன்றிலும் சில மாதங்கள். பயிற்சி பெறுபவருக்கு மாநில அரசு வாழ்க்கைப்படி தருகிறது. அதன் பிறகு நீதிபதியானாலும் குறைந்தது மூன்று ஆண்டு பணியாற்றிய பின்னரே வாழ்நாள் நியமனம்.

ஜப்பானின் அனுபவம் நமக்கு நேரடிப் பாடம். அங்கே வழக்கறிஞர், அரசு வழக்கறிஞர், நீதிபதி மூவரும் ஒரே பயிற்சி நிறுவனத்தில் பயில்கிறார்கள். பல பத்தாண்டுகளாக வழங்கப்பட்டுவந்த பயிற்சிக் கால ஊதியத்தை அரசு 2011இல் நிறுத்தி, கடனாக மாற்றியது. இளைஞர்கள் கடனோடு தொழிலைத் தொடங்கும் நிலையை வழக்கறிஞர் அமைப்புகள் கடுமையாக எதிர்த்தன. 2017இல் சட்டம் திருத்தப்பட்டு மாதம் 1,35,000 யென் அடிப்படைப் படி மீண்டும் வந்தது. செலவைப் பயிற்சியாளர் தலையில் ஏற்றிப் பார்த்த ஒரு வளர்ந்த நாடு, ஆறே ஆண்டுகளில் அதைத் திருத்திக்கொண்டது.

இங்கிலாந்தின் வழி வேறு. அங்கே நீதிபதிகள் அனுபவமுள்ள வழக்கறிஞர்களிலிருந்து வருகிறார்கள். பதவியைப் பொறுத்துக் குறைந்தது ஐந்து அல்லது ஏழு ஆண்டு தொழில் அனுபவம் தேவை. 2006 முதல் நீதித்துறை நியமன ஆணையம் வெளிப்படையான தேர்வின் மூலம் பரிந்துரைக்கிறது. முதலில் பகுதிநேர நீதிபதியாகச் சில ஆண்டுகள் பணியாற்றி, பிறகு முழுநேரப் பதவிக்கு வருவதே வழக்கம். நாள் கணக்கில் ஊதியம் பெற்றுக்கொண்டே அந்தச் சோதனைக் காலத்தை அவர்கள் கடக்கிறார்கள். அமரும் முன் அறிமுகப் பயிற்சியும் உண்டு.

முறைகள் வேறுபட்டாலும் இந்த நான்கு நாடுகளிலும் ஒன்று பொது. நீதிபதியாகும் வழியில் பெறும் அனுபவத்துக்குச் சம்பளமோ படியோ கிடைக்கிறது. இந்தியா கேட்கும் மூன்று ஆண்டு அனுபவத்துக்கு நாடு முழுவதற்குமான அத்தகைய ஏற்பாடு எதுவுமில்லை.

ஜூனியரின் மூன்று ஆண்டுகள்

நம் ஊரில் சீனியரிடம் சேரும் ஜூனியர் வழக்கறிஞரின் நிலை நீதிமன்ற வளாகத்தில் எல்லோருக்கும் தெரியும். பலருக்கு மாத ஊதியம் என்று எதுவுமில்லை. போக்குவரத்துச் செலவுக்கு ஏதோ கிடைக்கும். சட்டத் துறையில் உறவினர் உள்ளவருக்கு முதல் நாளே மேசை கிடைக்கிறது. முதல் தலைமுறைப் பட்டதாரிக்கு, விடுதிக் கட்டணத்துக்காக மாலையில் வேறு வேலை பார்க்க வேண்டியிருக்கிறது.

மெட்ராஸ் உயர் நீதிமன்றம் இதை உணர்ந்தே 2024 ஜூனில் ஒரு முக்கியமான உத்தரவைப் பிறப்பித்தது. ஜூனியர்களுக்குச் சென்னை, மதுரை, கோவை ஆகிய நகரங்களில் மாதம் 20,000 ரூபாயும் பிற இடங்களில் 15,000 ரூபாயும் குறைந்தபட்ச உதவித்தொகை தர வேண்டும் என்று சீனியர்களுக்குச் சுற்றறிக்கை அனுப்புமாறு வழக்கறிஞர் மன்றத்துக்கு அது சொன்னது. அதே ஆண்டு அக்டோபரில் இந்திய வழக்கறிஞர் மன்றமும் நகர்ப்புறத்துக்கு 20,000, ஊரகத்துக்கு 15,000 என்று பரிந்துரைத்தது. ஆனால் பரிந்துரையைக் கடைப்பிடிக்காதவரை என்ன செய்வது என்ற விடை அதில் இல்லை. சிறு ஊர்களில் சீனியர்களில் பலருக்கே நிலையான மாத வருமானம் கிடையாது என்பதும் உண்மை. 2020இல் தமிழ்நாடு அரசு இளம் வழக்கறிஞர்களுக்கு மாதம் 3,000 ரூபாய் உதவித்தொகைத் திட்டத்தை அறிவித்தது. நல்ல தொடக்கம், ஆனால் சென்னையில் ஒரு அறை வாடகைக்கும் போதாத தொகை.

பதிவுக் கட்டணத்தில் மட்டும் தெளிவான நிவாரணம் கிடைத்தது. 2024 ஜூலை 30 அன்று உச்ச நீதிமன்றம், மாநில வழக்கறிஞர் மன்றங்கள் சட்டத்தில் உள்ள 750 ரூபாய்க்கு மேல் வாங்கக் கூடாது; பட்டியல் சாதியினர், பழங்குடியினரிடம் 125 ரூபாய்க்கு மேல் வாங்கக் கூடாது என்று தீர்ப்பளித்தது. பல மாநிலங்களில் அதுவரை பல்லாயிரம் ரூபாய் வசூலிக்கப்பட்டது. தொழிலுக்குள் நுழையும் கட்டணத்தில் காட்டிய இந்த அக்கறையைத் தொழிலில் நிலைத்திருக்கும் செலவிலும் காட்ட வேண்டும்.

அடுத்தது சரிபார்ப்பு. மூன்று ஆண்டு அனுபவத்துக்குச் சான்று எது? அந்த நீதிமன்றத்தின் முதன்மை நீதித்துறை அலுவலர் தரும் சான்றிதழ். அல்லது பத்தாண்டு அனுபவமுள்ள வழக்கறிஞர் ஒருவர் தந்து, முதன்மை நீதித்துறை அலுவலர் மேலொப்பமிட்ட சான்றிதழ் என்று 2025 தீர்ப்பு வகுத்திருக்கிறது. வெறும் பதிவுச் சான்றைக் காட்டித் தப்பிவிட முடியாது என்பது நல்லது. ஆனால் அறிமுகமுள்ள சீனியரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு, மூன்று ஆண்டும் பயிற்சி மையத்தில் அமர்ந்து தேர்வுக்குப் படிப்பவரை இந்தச் சான்றிதழால் மட்டும் அடையாளம் காண்பது கடினம். வக்காலத்தில் பெரும்பாலும் சீனியர் பெயரே இருக்கும். ஜூனியர் செய்த வேலை ஆவணத்தில் ஏறுவதில்லை. ஆகவே உண்மையாக உழைத்தவரிடமும் காட்டுவதற்குச் சான்று இருக்காது.

இதற்கு ஒரு எளிய தீர்வு பணிப் பதிவேடு. எந்தெந்த வழக்கில் நீதிமன்றத்தில் ஆஜரானார், எந்த மனுவை வரைந்தார், எந்தச் சாட்சியை விசாரித்தார் என்று வழக்கு எண்ணோடு ஜூனியர் பதிய வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை நீதிமன்றம் அதைப் பார்த்துக் கையொப்பமிட வேண்டும். வழக்கு விவரங்கள் ஏற்கெனவே இ-கோர்ட்ஸ் தளத்தில் இருப்பதால் ஒப்பிட்டுச் சரிபார்ப்பதும் எளிது. சட்ட உதவி மையத்தில் ஏழைகளுக்காக நடத்திய வழக்குகளுக்கு இதில் கூடுதல் மதிப்புத் தரலாம்.

பயிற்சி ஆண்டு எப்படி இருக்க வேண்டும்?

தமிழ்நாட்டில் உரிமையியல் நீதிபதித் தேர்வு முதனிலை, முதன்மை, நேர்முகம் என மூன்று கட்டமாக நடக்கிறது. முதன்மைத் தேர்வில் சட்டத் தாள்களோடு மொழிபெயர்ப்புக்கென்று ஒரு தாளும் உண்டு. சாட்சியங்களையும் ஆவணங்களையும் தமிழிலிருந்து ஆங்கிலத்துக்கும் ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கும் மாற்றத் தெரிய வேண்டும். இது மிகத் தேவையான சோதனை. கீழமை நீதிமன்றங்களில் சாட்சியம் தமிழில் பதிவாகவும் தீர்ப்புகள் தமிழில் எழுதப்படவும் ஆட்சிமொழிச் சட்டத்தில் 1976ஆம் ஆண்டுத் திருத்தம் வழி செய்திருக்கிறது. வழக்காடுபவருக்குப் புரியும் மொழியில் தீர்ப்பு எழுதும் திறன் நீதிபதியின் அடிப்படைத் தகுதி.

தேர்வானவர்களின் நன்னடத்தையும் உடல்தகுதியும் சரிபார்க்கப்பட்ட பின், மாநில நீதித்துறைப் பயிற்சி மன்றம் பொறுப்பேற்கிறது. சட்ட ஆணையம் 1986இலேயே தன் 117ஆவது அறிக்கையை நீதித்துறை அலுவலர் பயிற்சிக்கென்று ஒதுக்கியது. பயிற்சி வேண்டும் என்பதில் நெடுங்காலமாகவே கருத்து வேறுபாடில்லை. காலிப் பணியிடங்களின் நெருக்கடியே எதிரி. நாட்டின் கீழமை நீதிமன்றங்களில் நான்கரைக் கோடிக்கும் மேற்பட்ட வழக்குகள் நிலுவையில் உள்ளன. பத்து இலட்சம் மக்களுக்கு 50 நீதிபதிகள் வேண்டும் என்று சட்ட ஆணையம் 1987இல் சொன்னது. இன்றும் அதில் பாதியைக்கூட எட்டவில்லை. இந்த அழுத்தத்தில் பயிற்சியைச் சுருக்கி, ஆளை இருக்கையில் அமர்த்தும் ஆசை எந்த நிர்வாகத்துக்கும் வரும்.

அந்த ஆசைக்கு இடம் தரக் கூடாது. ஓராண்டில் பாதியை வகுப்பறைக்கு வெளியே செலவிட வேண்டும். மூத்த நடுவர் ஒருவருடன் காவல் உத்தரவு பிறப்பிக்கும் நேரங்களில் பல வாரம் அமர்ந்திருக்க வேண்டும். ஏழு ஆண்டு வரை தண்டனை உள்ள குற்றங்களில் இயந்திரத்தனமாகக் காவலுக்கு அனுப்பக் கூடாது என்று 2014இல் அர்னேஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்த விதி, வகுப்பில் கேட்கும்போது எளிது. இரவு பத்து மணிக்கு, வீட்டு வாசலில் காவல் வாகனம் நிற்கும்போது பின்பற்றுவது கடினம். கைதியின் உடலைப் பார்ப்பது, காயம் உண்டா என்று காவலர் இல்லாமல் கேட்பது, பதிலைத் தன் கையால் எழுதுவது ஆகியவை பழக்கமாக வேண்டும். சார்பதிவாளர் அலுவலகம், நில அளவை, கிளைச் சிறை, தடய அறிவியல் ஆய்வகம், குழந்தைகள் இல்லம் ஆகியவற்றில் சில நாட்களாவது அவர் செலவிட வேண்டும். எழுதிய மாதிரித் தீர்ப்புகளை மூத்தவர்கள் திருத்தித் தர வேண்டும். ஆண்டின் முடிவில், ‘இவர் தனியாக அமரத் தயார்’ என்று பயிற்றுநர் ஒருவர் பொறுப்பேற்று எழுதிக் கொடுத்த பிறகே அதிகாரம் கைக்கு வர வேண்டும். தயாராகாதவருக்கு இன்னும் சில மாதம் தருவதில் அவமானம் எதுவுமில்லை.

இதே அளவுகோல் மேலே உள்ளவர்களுக்கும் பொருந்த வேண்டும். வழக்கறிஞர் கூட்டத்திலிருந்து நேராக உயர் நீதிமன்ற நீதிபதியாகிறவருக்கு முன்பயிற்சி எதையும் அரசமைப்பு கேட்கவில்லை. வாழ்நாள் முழுவதும் உரிமையியல் வழக்கு நடத்தியவர், பதவியேற்ற சில நாட்களில் கொலை வழக்கு மேல்முறையீடுகளை விசாரிக்கும் அமர்வில் அமரக்கூடும். கீழே இருப்பவருக்கு மட்டும் பயிற்சி, மேலே இருப்பவருக்குத் தேவையில்லை என்ற எண்ணத்துக்கு நியாயம் இல்லை. சில வார அறிமுகப் பயிற்சியை உயர் நீதிமன்றங்கள் தாமாகவே ஏற்படுத்திக்கொள்ளலாம். அதற்குச் சட்டத் திருத்தம் வேண்டியதில்லை.

செய்ய வேண்டியவை

மூன்று ஆண்டு நிபந்தனை நிலைக்க வேண்டும் என்றால் மூன்று ஏற்பாடுகள் அதனோடு சேர்ந்து வர வேண்டும். முதலாவது, முதல் தலைமுறைப் பட்டதாரிகளுக்கும் வருமானம் குறைந்த குடும்பங்களிலிருந்து வருபவர்களுக்கும் மூன்று ஆண்டும் அரசு தரும் வாழ்க்கைப்படி. உயர் நீதிமன்றம் சொன்ன 15,000, 20,000 ரூபாயே இதற்கு அளவுகோல். மகப்பேற்றுக் காலத்துக்கும் இந்தப் படி தொடர வேண்டும். அந்த மாதங்கள் அனுபவக் கணக்கிலிருந்து கழிக்கப்படக் கூடாது. இரண்டாவது, நீதிமன்றம் கையொப்பமிடும் பணிப் பதிவேடு. மூன்றாவது, எந்த நெருக்கடியிலும் சுருக்கப்படாத ஓராண்டுப் பயிற்சி. இவற்றோடு, தேர்வு அறிவிப்பு ஆண்டுதோறும் குறித்த மாதத்தில் வர வேண்டும். இல்லையென்றால் மூன்று ஆண்டு என்பது நடைமுறையில் ஐந்தாகவும் ஆறாகவும் நீளும்.

இதற்கான செலவு மாநில வரவுசெலவுத் திட்டத்தில் மிகச் சிறியது. தகுதியில்லாத ஒரு உத்தரவால் சிறைக்குப் போகும் ஒரு நிரபராதி, தவறான தீர்ப்பால் இருபது ஆண்டு மேல்முறையீட்டில் அலையும் ஒரு குடும்பம் ஆகியோர் கொடுக்கும் விலை அதைவிடப் பன்மடங்கு. 2002இல் நிபந்தனையை நீக்கிப் பயிற்சியை மறந்தோம். இப்போது நிபந்தனையைக் கொண்டுவந்து உதவித்தொகையை மறந்தால், அடுத்த இருபது ஆண்டில் இன்னொரு அமர்வு இன்னொரு முறை இதைத் திருத்த வேண்டியிருக்கும். விதிகளைத் திருத்தி எழுதும் உயர் நீதிமன்றமும் மாநில அரசும் இந்த மூன்று ஏற்பாடுகளையும் அதே விதிகளுக்குள் எழுதிச் சேர்க்க வேண்டும். வழக்கறிஞர் சங்கங்கள் அதை இப்போதே வலியுறுத்த வேண்டும்.